பணிப்பாளர் சபையிற் செயற்கை நுண்ணறிவு: ஒரு திறனாய்வு

பிறர் பொருளைப் பிறருக்காகப் பேணுதல் எளிய தொழிலன்று. தம் பொருளைத் தாமே காப்பாரிடத்துக் காணப்படும் விழிப்பினைப் பிறர் பொருளைக் காப்பாரிடத்து எதிர்பார்த்தல் அரிதென்று, பொருளியலறிஞர் அதம் சிமித் 1776ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே கூட்டுப்பங்குக் கம்பனிகளின் பணிப்பாளரைக் குறித்து ஐயுற்றார். அன்று அவர் எழுப்பிய ஐயம் இன்றும் தீர்ந்தபாடில்லை. கம்பனிச் சட்டங்களும், கணக்காய்வு முறைகளும், சுதந்திரப் பணிப்பாளர் நியமனமும், நல்லாட்சிக் கோவைகளும் அவ்வையத்துக்கு விடைகாண எழுந்த முயற்சிகளே. அம்முயற்சிகளின் வரிசையில் இறுதியாக வந்து நிற்பது செயற்கை நுண்ணறிவு உதவிக்கருவியாகும். அதன் தகுதியையும் தகுதியின்மையையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருவி செய்வது யாது? பெருங்கம்பனியொன்றின் பணிப்பாளர் சபை கூடுமுன்னர் ஒவ்வொரு பணிப்பாளருக்கும் ஒரு கட்டுப் பத்திரங்கள் அனுப்பப்படுதல் வழக்கம். நிதிக்கூற்றுக்கள், முகாமையின் அறிக்கைகள், கணக்காய்வுக் குழுவின் குறிப்புக்கள், ஒப்பந்த வரைவுகள், சென்ற கூட்டத்தின் அறிக்கை என அக்கட்டு நூற்றுக்கணக்கான பக்கங்களாக விரிதலுமுண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பரில் 'சட்ஜிபிடி' வெளிவந்ததன் பின்னர் எங்கும் பரவிய மொழி மாதிரிகள் எனப்படும் கணினிச் செய்நிரல்கள், இக்கட்டினைச் சில நிமிடங்களில் இரண்டு மூன்று பக்கச் சுருக்கமாக்கித் தருகின்றன. கேட்கத்தக்க வினாக்களை நிரல்செய்கின்றன. பழைய தீர்மானங்களோடு புதியவற்றை ஒப்பிடுகின்றன. கூட்டத்தில் நிகழும் பேச்சைக் கேட்டு அறிக்கையும் வரைகின்றன.

இயந்திரத்துக்குச் சபையில் ஆசனமே அளித்தோரும் உளர். ஹொங்கொங் நகரின் 'டீப் நொலெட்ஜ் வென்சர்ஸ்' என்னும் முதலீட்டு நிறுவனம் 2014ஆம் ஆண்டில் 'வைட்டல்' எனப் பெயரிய கணினிச் செய்நிரலொன்றைத் தன் பணிப்பாளர் சபையிற் சேர்த்ததாக அறிவித்தது. சட்டத்தின் கண்ணில் அது பணிப்பாளராதல் இயலாது. பார்வையாளரின் நிலையே அதற்குரியதாயிற்று. 2024ஆம் ஆண்டில் அபுதாபியைச் சேர்ந்த 'இன்ரநஷனல் ஹோல்டிங் கம்பனி', 'எய்டன் இன்சைட்' எனும் கருவியை வாக்குரிமையற்ற பார்வையாளராகவே நியமித்தது. இவை செய்தித்தாள்களிற் பெரிதும் பேசப்பட்டன. எனினும் ஆசனம் பற்றிய பேச்சிலே விளம்பரத்தின் சாயல் மிகுதி. கருத்திற் கொள்ளவேண்டிய மாற்றம் அரவமின்றி நிகழ்வது. கூட்டத்துக்கு முதனாளிரவு, பத்திரக்கட்டினைத் திறவாது, அதன் சுருக்கத்தை மட்டும் கற்றுத் தம் வாக்கினை அளிக்கச் செல்லும் பணிப்பாளரிடத்தே அம்மாற்றம் நிகழ்கிறது.

கருவியை ஆதரிப்போர் மூன்று நன்மைகளை எடுத்துரைப்பர். அது காலத்தை மிச்சப்படுத்துகிறது என்பது ஒன்று. மனிதர் காணத் தவறுவதைக் காண்கிறது என்பது இரண்டாவது. அது தவிசாளருக்கு அஞ்சாது நடுநிலை நிற்கிறது என்பது மூன்றாவது. இவற்றைக் கற்பனையுலகில் வைத்து ஆராய்வதிலும், நீதிமன்றங்கள் தீர விசாரித்த வழக்குகளின் நடுவே வைத்து ஆராய்தல் பொருத்தமாகும்.

சென்ரோ வழக்கு

பத்திரங்களின் பெருக்கம் பணிப்பாளரின் பிழையை மன்னிக்குமா என்னும் வினா, இயந்திரங்கள் இத்துறைக்கு வருமுன்னரே அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றத்தில் எழுந்தது. கடைத்தொகுதிகளை உடைமையாகக் கொண்ட 'சென்ரோ' என்னும் நிறுவனத் தொகுதியின் 2007ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி முடிந்த ஆண்டுக்கான நிதிக்கூற்றுக்களை அதன் பணிப்பாளர் அங்கீகரித்தனர். ஓராண்டுக்குள் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன்களுள் ஏறத்தாழ 150 கோடி அவுஸ்திரேலிய டொலர், நெடுங்காலக் கடனாக அக்கூற்றுக்களிற் காட்டப்பட்டிருந்தது. ஐந்தொகைத் திகதிக்குப் பின்னர் அளிக்கப்பட்ட 175 கோடி அமெரிக்க டொலர் உத்தரவாதங்களும் வெளியிடப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரிற் கடனைப் புதுப்பிக்க வழியின்றி நிறுவனம் தத்தளித்தபோது பங்கின் விலை சரிந்து விழுந்தது.

பணிப்பாளர் தம் தரப்பிற் கூறியவை புறக்கணிக்கத்தக்கனவல்ல. தம்மிடம் வந்த பத்திரங்கள் மிகப் பல என்றனர். தகைமை வாய்ந்த நிதி அலுவலர் கூற்றுக்களைத் தயாரித்தனர், கணக்காய்வுக் குழு அவற்றை நோக்கியது, பெயர்பெற்ற கணக்காய்வு நிறுவனமும் பிழை காணவில்லை, ஆதலின் அவர்களை நம்பினோம் என்றனர். 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதியரசர் மிடில்டன் அளித்த தீர்ப்பு இவ்வாதத்தை ஏற்கவில்லை. தமக்கு வரும் தகவலின் அளவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் சபையிடமே உண்டு. நேரம் போதாதெனின் மேலும் நேரம் எடுத்திருத்தல் வேண்டும். நிதிக்கூற்றுக்களைத் தாமே வாசித்து, தாம் அறிந்தவற்றோடு அவை ஒத்துள்ளனவா என்று நோக்குதல் பிறரிடம் ஒப்படைக்கக் கூடாத கடமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். குறுகிய காலக் கடன்களும் உத்தரவாதங்களும் பற்றிப் பணிப்பாளர் முன்னரே வேறு பத்திரங்கள் வாயிலாக அறிந்திருந்தனர். அறிந்திருந்ததையும் அங்கீகரித்ததையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பாராமையே குற்றமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறைவேற்றுத் தலைவருக்கு 30,000 டொலர் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. நிதித் தலைவர் இரண்டாண்டுக்குக் கம்பனி முகாமையினின்றும் விலக்கப்பட்டார். ஏனைய பணிப்பாளர் சட்டத்தை மீறினர் என்ற பிரகடனத்தோடு நீதிமன்றம் அமைந்தது.

ஈண்டு கருவிக்கு உரிய பெருமையை மறுத்தல் நேர்மையாகாது. இரு பத்திரங்களை அருகருகே வைத்து, ஒன்று குறுங்காலக் கடன் என்பதை மற்றது நெடுங்காலக் கடன் என்கிறதே என்று சுட்டுதல் இயந்திரத்துக்கு ஏற்ற பணி. 2007இற் சென்ரோ சபையினரிடம் இன்றைய கருவி இருந்து, இவ்விரண்டையும் ஒப்பிடுமாறு ஒருவர் அதனைப் பணித்திருப்பாராயின், முரண் வெளிப்பட்டிருத்தல் கூடும். ஆனால் அவ்வாறு பணித்தற்கு முதலில் ஒருவர் ஐயுற்றிருத்தல் வேண்டும். சென்ரோவில் உதவியாளருக்குக் குறைவில்லை. நிதி அலுவலர், நிறைவேற்றுத் தலைவர், கணக்காய்வுக் குழு, கணக்காய்வாளர் என நால்வகைக் காவல் இருந்தும் பிழை தப்பிச் சென்றது. ஒவ்வொரு காவலும் மற்றதன்மேற் பாரத்தைச் சாய்த்திருந்தமையே அதற்குக் காரணம். ஐந்தாவது காவலாக ஓர் இயந்திரத்தை நிறுத்துவதனால் அச்சாய்வு நீங்காது. சாய்தற்கு மேலுமொரு தூண் கிடைத்ததென்று பணிப்பாளர் எண்ணுவாராயின் அது பெருகவுங் கூடும்.

சுருக்கத்தின் இயல்பு

காலத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதத்தை இனி நோக்குவோம். சுருக்குதலாவது ஒன்றைக் கொண்டு ஒன்றைத் தள்ளுதல். எதனைக் கொள்வது எதனைத் தள்ளுவது என்னும் தெரிவே ஒரு தீர்ப்பு. பணிப்பாளர் தாமே ஒரு பத்திரத்தைச் சுருக்கி நோக்கும்போது அத்தீர்ப்பு அவருடையது. இயந்திரம் சுருக்கும்போது அத்தீர்ப்பை அவர் அறியாமலே பிறிதொன்றிடம் கொடுத்துவிடுகிறார். மொழி மாதிரி தான் கற்ற பெருந்தொகைச் சொற்பரப்பிலிருந்து எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணித்து எழுதுவது. ஆதலின் பலமுறை வலியுறுத்திக் கூறப்பட்டது அதன் சுருக்கத்தில் முன்வந்து நிற்பதும், ஒருமுறை மட்டும் ஓரத்தே கூறப்பட்டது மறைந்துபோவதும் நிகழத்தக்கன. கம்பனிக் கணக்குகளிலோ ஆபத்து பெரும்பாலும் ஓரத்திலேயே உறைகிறது: ஓர் அடிக்குறிப்பில், ஒரு திகதியில், 'இதுபற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்' என்னும் ஒரு வரியில்.

ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, அன்றைய மாதிரிகள் நீண்ட பத்திரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளவற்றை நன்கு பயன்படுத்தின. நடுவில் உள்ளவற்றைப் பயன்படுத்துவதிற் பின்தங்கின எனக் காட்டியது. அதன்பின் மாதிரிகள் திருந்தியுள்ளன. எனினும் சுருக்கத்தை மட்டும் படித்தவருக்கு அதில் விடுபட்டது யாது என்பதை அறிய வழியில்லை என்ற குறை, கருவி எவ்வளவு திருந்தினும் நீங்குவதன்று.

ஆசிரியர்களாகிய நாம் இதனை வேறொரு வடிவில் நன்கறிவோம். பாடநூலைக் கல்லாது வினாவிடைத் தொகுப்பை மட்டும் கற்று வரும் மாணவன், தொகுப்பில் உள்ள வினாவுக்குச் செவ்வையாக விடை எழுதுவான்; சற்றே திருப்பிக் கேட்டால் திகைத்து நிற்பான். அவனிடத்து விடை உண்டு. விடை பிறந்த இடம் இல்லை. மெல்ல வாசிக்கும்போது தோன்றும் 'இது எவ்வாறு?' என்னும் தடக்கமே அறிவின் வாயில். கருவி அத்தடக்கத்தை நீக்கித் தருகிறது. அதனோடு வாயிலையும் மூடிவிடுகிறது.

பத்திரத்தில் இல்லாதது

மனிதர் காணாததை இயந்திரம் காணும் என்னும் இரண்டாவது வாதத்துக்கு எல்லை வகுப்பது அமெரிக்காவின் 'புளூ பெல்' வழக்கு. டெக்சாஸ் மாநிலத்தில் ஐஸ்கிறீம் உற்பத்தி செய்யும் அக்கம்பனியின் பண்டங்களில் லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமி கலந்தமையால் 2015ஆம் ஆண்டிற் பெருங்கேடு விளைந்தது. மூவர் உயிரிழந்தனர், கம்பனி தன் பண்டங்கள் அனைத்தையும் மீளப் பெற்று உற்பத்தியையும் நிறுத்தவேண்டியதாயிற்று. பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கில், டெலவெயர் மாநில உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வழக்கைத் தொடர அனுமதியளித்தது. கிருமி பற்றிய சோதனை முடிவுகள் முன்னைய ஆண்டுகளிலேயே முகாமையை எட்டியிருந்தன என்பதும், சபையின் கூட்ட அறிக்கைகளில் அதுபற்றிய பேச்சே காணப்படவில்லை என்பதும், உணவின் பாதுகாப்பைக் கண்காணிக்கச் சபையிற் குழுவோ ஒழுங்கோ இருக்கவில்லை என்பதும் முறைப்பாட்டின் அடிப்படையாயின. உணவு விற்று வாழும் கம்பனிக்கு உணவின் பாதுகாப்பிலும் பெரிய கருமம் யாது?

இங்கே கருவியால் ஆகத்தக்கது என்னை? சபைக்கு வந்த பத்திரங்களை எத்துணை நுணுகி ஆராயினும், வாராத பத்திரத்தை அது ஆராய்தல் இயலாது. கிருமி இருந்தது தொழிற்சாலையில். சோதனை முடிவு இருந்தது முகாமையின் மேசையில். சபையின் கட்டிலோ வேறு கருமங்கள் இருந்தன. அக்கட்டினைச் சுருக்கிய சுருக்கம் குறையற்றதாய் இருந்திருப்பினும் அதிற் கிருமியின் பெயர் வந்திராது. 'எம்முடைய பண்டம் தூயதென்று எமக்குச் சொல்வார் யார்? ஏன் இதுகாறும் ஒருவரும் சொல்லவில்லை?' என்று கேட்டற்குத் தொழிலை அறிந்த மனிதர் ஒருவர் வேண்டும். மௌனத்தை ஐயுறுதல் பணிப்பாளரின் முதற்கடமைகளுள் ஒன்று. உணவுக் கம்பனிச் சபையொன்று கேட்கவேண்டியவை யாவை என்று கருவியிடம் வினவின், உணவுப் பாதுகாப்பு என்னும் விடை வருதல் உறுதி என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆயினும் அவ்வாறு வினவப் புகுந்தவர் தம் கடமையை முன்னரே உணர்ந்தவராகிறார்.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்குமாறும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவாறு அவர்களை ஆளுமாறும் அரசனுக்கு அறிவுறுத்துகிறது. முகாமை அனுப்பிய பத்திரம் ஓர் ஒற்று. அப்பத்திரத்தையே உண்டு இயந்திரம் உமிழ்ந்த சுருக்கம் இரண்டாம் ஒற்றாகாது. முதல் ஒற்றின் எதிரொலியே அது. பணிப்பாளர் தொழிற்சாலைக்கு நேரிற் செல்லுதலும், தொழிலாளரோடு உரையாடுதலும், கணக்காய்வாளரை முகாமையினர் இல்லாவிடத்துத் தனியே சந்தித்தலும் மெய்யான இரண்டாம் ஒற்றாம்.

நடுநிலை என்னும் கூற்று

மூன்றாவது வாதம் மனித இயல்பை நன்கறிந்தோர் கூறுவது. சபையில் தலைவருக்கு எதிராகப் பேசுதல் கடினம். 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆந் திகதி கூடிய 'ட்ரான்ஸ் யூனியன்' கம்பனியின் சபை இதற்குச் சான்று. தவிசாளர் வான் கோர்க்கம் ஏறத்தாழ இருபது நிமிடம் வாய்மொழியாக விளக்கினார். கம்பனியைப் பங்கொன்று 55 டொலராக விற்கும் ஒப்பந்தத்தை எவரும் வாசித்திலர். இரண்டு மணி நேரத்தில் விற்பனை அங்கீகரிக்கப்பட்டது. டெலவெயர் உயர் நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில், தகவலறியாது முடிவெடுத்த பணிப்பாளர் பெருங்கவனயீனத்துக்கு உள்ளாயினர் எனத் தீர்ப்பளித்தது. வழக்கு ஈற்றில் 2 கோடியே 35 இலட்சம் டொலருக்குத் தீர்க்கப்பட்டது. அப்பணிப்பாளர் அனுபவமும் கல்வியும் நிறைந்தோர் என்பது குறிப்பிடத்தக்கது. அறிவிருந்தும், வினவ வாய் எழவில்லை.

இயந்திரத்துக்குத் தவிசாளரிடத்து அச்சமில்லை என்பது மெய். ஆயினும் தன்னை வினவுவோரை மகிழ்விக்கும் சாய்வு அதற்குண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில், சட்ஜிபிடியை ஆக்கிய 'ஓப்பன்ஏஐ' நிறுவனம், தான் வெளியிட்ட புதிய பதிப்பொன்று பயன்படுத்துவோரை அளவு கடந்து புகழ்ந்து உடன்படுகிறதென்று கண்டு, அதனைச் சில நாட்களிலேயே மீளப் பெற்றது. 'இவ்விற்பனை நல்லதென்று கருதுகிறேன். நீ யாது சொல்லுகிறாய்?' என்று தவிசாளர் கேட்கும் கேள்வியிலேயே விடையின் பாதி அடங்கிவிடும். அச்சமின்மை வேறு, துணிவு வேறு. இழப்பதற்கு ஒன்றுமில்லாததன் அச்சமின்மையால் ஒரு சபை துணிவு பெறுமென்று கொள்ளுதல் பொருந்தாது.

பொறுப்பு யாருடையது?

மேற்கூறிய யாவும் வந்து சேருமிடம் பொறுப்பாகும். 2023ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில், விமானக் கம்பனியொன்றுக்கு எதிரான வழக்கிலே சட்டத்தரணிகள் சமர்ப்பித்த பத்திரத்தில் இயந்திரம் புனைந்த பொய்த் தீர்ப்புக்கள் காணப்பட்டன. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். தண்டத்துக்கு உள்ளானோர் அச்சட்டத்தரணிகளும் அவர்தம் நிறுவனமுமேயன்றி இயந்திரமன்று. நமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் இக்கொள்கையினின்று விலகவில்லை. ஊழியரும் துறையறிஞரும் தரும் அறிக்கைகளைப் பணிப்பாளர் நம்பி நடத்தற்கு அது இடமளிக்கிறது. ஆயினும் அவர் நல்லெண்ணத்தோடு நடந்திருத்தல் வேண்டும். சூழ்நிலை வேண்டுமிடத்து உரிய விசாரணை செய்திருத்தல் வேண்டும். அந்நம்பிக்கை தகாதென்பதை அறியாதவராயும் இருத்தல் வேண்டும். தாம் வாசியாத பத்திரத்தின் சுருக்கத்தை நம்பியவர் விசாரணை செய்தற்குரிய சூழ்நிலை இருந்ததா என்பதைத்தானும் எவ்வாறு அறிவார்?

ஆகவே கருவியை விலக்குமாறு கூறுதல் இக்கட்டுரையின் முடிபன்று. விலக்குதல் இயலாது, வேண்டுவதுமன்று. வேண்டுவது ஒழுங்கு. பணிப்பாளர் முதலிற் பத்திரத்தைத் தாமே வாசித்துத் தம் வினாக்களைத் தம் கையாற் குறித்துக்கொள்ளல் வேண்டும். அதன் பின்னரே, தாம் விட்டன எவை, முன்னைய தீர்மானத்தோடு முரண்படுவன எவை என்று கருவியை வினவல் வேண்டும். அது கூறும் ஒவ்வொன்றுக்கும் பக்கவெண் கேட்டு மூலத்திற் சரிபார்த்தல் வேண்டும். கம்பனியின் இரகசியப் பத்திரங்களைச் சபை அனுமதியாத கருவிகளில் இடுதல் கூடாது. கூட்ட அறிக்கையை இயந்திரம் வரையினும், செயலாளர் தம் செவியாற் கேட்டதனோடு ஒத்துப் பார்த்தே அதனைச் சபைமுன் வைத்தல் வேண்டும். பத்திரக்கட்டு வாசிக்கத்தகாத அளவு பெருத்ததெனின், அதனைச் சுருக்குமாறு இயந்திரத்தை ஏவுதலிலும், குறைத்துத் தருமாறு முகாமையை ஏவுதலே சென்ரோத் தீர்ப்பு காட்டிய வழி.

நம் கல்லூரியிற் கற்றோர் பலர் இன்று கணக்காளராயும், கம்பனிச் செயலாளராயும், பணிப்பாளராயும் உள்ளனர். இன்று வகுப்பில் இருப்போர் நாளை அவ்வாசனங்களில் அமர்வர். சென்ரோவின் பங்கு விலை சரிந்தபோது இழந்தோருள் தம் சேமிப்பை அதில் இட்ட சிறு முதலீட்டாளரும் இருந்தனர். புளூ பெல்லின் ஐஸ்கிறீமை உண்டு உயிரிழந்தோர் சபைப் பத்திரம் எதனையும் கண்டவரல்லர். பணிப்பாளர் ஒருவர் வாசியாது விட்ட பக்கத்தின் விலையை இத்தகையோரே செலுத்துகின்றனர். ஒரு நூலை முதற்பக்கந் தொடங்கி ஈற்றுப்பக்கம் வரை தடக்கங்களோடு வாசிக்கும் பழக்கம் வகுப்பறையிலேயே ஊன்றப்படல் வேண்டும். ஐம்பது வயதிற் பணிப்பாளராகும் ஒருவர் பதினைந்து வயதிற் பாடநூலை வாசித்தவராய் இருப்பாராயின், கருவி அவர் கையில் நல்ல ஏவலாளாக அமையும்.